கிரிபஸ்குலர்: இரண்டு அந்திகளுக்கு ஒரு சொல்

காட்டுயிர் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது, முயலின் நடமாட்டத்தைக் குறிக்க வந்த ‘கிரிபஸ்குலர்’ என்னும் பெயரடையை ‘மாலையில் நடமாடும்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். மறுநாள் படித்துப் பார்த்தபோதுதான் பாதிப் பொருளைத் தொலைத்திருப்பது தெரிந்தது. விலங்கியலில் அந்தச் சொல், பொழுது புலரும் வேளை, பொழுது சாயும் வேளை ஆகிய இரண்டு மங்கலொளி நேரங்களிலும் இயங்கும் உயிர்களைக் குறிக்கிறது. முயல், பலவகை மான்கள், வீட்டுப் பூனை ஆகியவை இவ்வகையில் அடங்கும். விடியலை மட்டும் குறிக்க ‘மேட்டுட்டினல்’ என்றும், மாலையை மட்டும் குறிக்க ‘வெஸ்பர்டைன்’ என்றும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு.

இதன் வேர், மங்கலொளியைக் குறிக்கும் ‘கிரெபுஸ்குலும்’ என்னும் இலத்தீன் சொல். அதற்கு உறவான ‘கிரெபெர்’ என்பதற்கு இருண்டது என்பதோடு ஐயத்திற்குரியது என்றும் பொருள் உண்டு, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் வர்ரோ இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டியிருக்கிறார். இரவா பகலா என்று உறுதியாகச் சொல்ல முடியாத பொழுதுக்கு ஐயத்தின் பெயரையே வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பொருளில் இருக்கும் மென்மை ஒலியில் இல்லை. காதால் மட்டும் கேட்டால் ஏதோ தோல் நோயின் பெயர் போலத்தான் இருக்கிறது.

அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயரே இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. மாலைத் தேநீருக்கு இந்த அடைமொழியைச் சூட்டினால் வேடிக்கையாகத்தான் இருக்கும். விலங்கியலுக்கு வெளியே, மேக இடைவெளிகளின் வழியே விசிறி போல விரியும் கதிர்களுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. அவை உண்மையில் ஏறத்தாழ இணையாகவே வருகின்றன. தொலைவில் தண்டவாளங்கள் கூடுவதுபோலத் தெரிவது எப்படியோ, அப்படித்தான் இந்த விரிவும். நண்பகலில் தோன்றினாலும் அவற்றை அதே பெயரால் அழைப்பது சொல்லின் மூலப்பொருளுக்குச் சற்று முரணானதே. இத்தாலியில் 1910ஆம் ஆண்டு திறனாய்வாளர் போர்கேசே, ஆரவாரமற்ற சோர்ந்த குரலில் எழுதிய இளங்கவிஞர்களை இதே வேர்ச்சொல்லால் குறித்தார். அவர்களுக்கு அதுவே குழுப்பெயராக நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு என்ன எழுதுவது? இன்று ‘அந்தி’ என்றால் பெரும்பாலோர் மாலையை மட்டுமே நினைக்கிறோம். ஆனால் புறநானூற்றின் 34ஆம் பாடலில் ‘காலை அந்தியும் மாலை அந்தியும்’ என்றே வருகிறது; அங்கே அந்தி என்பது இரண்டு பொழுதுகளுக்கும் பொது. ‘இரவாடி’ என்னும் சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அதே வார்ப்பில் ‘அந்தியாடி’ என்று எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘காலை, மாலை ஆகிய இரண்டு அந்திகளிலும் நடமாடும்’ என்ற விளக்கத்தைச் சேர்த்து, என் முயலைத் திருத்திக்கொண்டேன்.