தொண்ணூற்றாறு நாள் ஆராதனை

சிறுவயதில் எங்கள் சபையில் முழு இரவு ஜெபம் நடக்கும். நள்ளிரவு வரை பாட்டும் சாட்சியுமாக உற்சாகமாகப் போகும். மூன்று மணிக்கு மேல் போதகரைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் பாயில் சாய்ந்திருப்போம். நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள பெத்தேல் ஆலயத்தில் 2018 அக்டோபர் 26 அன்று தொடங்கிய ஆராதனை, இரவும் பகலும் இடைவிடாமல், 2019 ஜனவரி 30 வரை நடந்ததைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூன்று மணிதான்.

ஆலயத்துக்குள் தங்கியிருந்தது ஓர் அர்மீனியக் குடும்பம். அரசியல் காரணமாக உயிருக்கு அஞ்சி வந்த தந்தை, தாய், மூன்று பிள்ளைகள். கீழ்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் அரசு மேல்முறையீட்டில் வென்றுவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வளர்ந்த பிள்ளைகளை அங்கேயே தங்க அனுமதிக்கும் ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் இருந்தது. (குழந்தை எந்தக் குற்றம் செய்தது, மன்னிப்பதற்கு?) ஆனால் நாட்டை விட்டு வெளியேற அரசோடு ஒத்துழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்த இந்தக் குடும்பத்துக்கும் அது கிட்டவில்லை.

வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது காவல்துறை ஆலயத்துக்குள் நுழையக்கூடாது என்று டச்சுச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் வழிபாட்டை முடிக்காமல் இருந்துவிடுவோம் என்று சபையார் தீர்மானித்தார்கள். அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும்வரை முன்னவர் நிறுத்த முடியாது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஏறக்குறைய ஆயிரம் போதகர்கள் முறைவைத்து வந்து ஆராதனை நடத்தினார்கள். சங்கீதமும் பிரசங்கமும் பாட்டுமாக, வழக்கமாகச் செய்வதையே நிறுத்தாமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு முன் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருவருக்கு ஆலயம் அடைக்கலம் கொடுத்தபோது இந்த வழி இருக்கவில்லை. ஈழத்தமிழர் உரிமைக்காகக் குரல் கொடுத்ததால், திருப்பி அனுப்பினால் இலங்கையில் தன் உயிருக்கு ஆபத்து என்று சொன்ன விராஜ் மெண்டிஸ் என்ற சிங்களவருக்கு, ஹல்ம் பகுதியிலுள்ள ஓர் ஆலயம் 1986 டிசம்பரிலிருந்து ஈராண்டுக்கு மேல் இடம் கொடுத்தது. ஆனால் ஆலயத்தில் தஞ்சம் புகும் உரிமை இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டிலேயே நீக்கப்பட்டிருந்தது. 1989 ஜனவரி 18 அன்று காவலர்கள் கதவை உடைத்து உள்ளே புகுந்து அவரைக் கொண்டுசென்றார்கள். அடுத்த சில நாட்களுக்குள் அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்.

ஹேக்கில் அரசு இறங்கி வந்தது. ஆளும் கூட்டணியின் நான்கு கட்சிகளும் உடன்பட்டு, இதே நிலையில் இருந்த சுமார் 700 பிள்ளைகளின் விண்ணப்பங்களை மறுபரிசீலனை செய்ய ஒப்புக்கொண்டதும் ஆராதனை நிறைவடைந்தது. ஒரு குடும்பத்துக்காகத் தொடங்கியது இத்தனை வீடுகளை எட்டியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனாலும் அந்த உடன்பாட்டின் மறுபக்கம் உறுத்துகிறது: பொதுமன்னிப்புத் திட்டம் அத்தோடு மூடப்பட்டது, ஐக்கிய நாடுகள் அவை வழியாக ஆண்டுதோறும் நெதர்லாந்து ஏற்றுக்கொள்ளும் அகதிகளின் எண்ணிக்கையும் 750இலிருந்து 500ஆகக் குறைக்கப்பட்டது. அந்த 250 பேர் எங்கோ முகாம்களில் இருந்தார்கள். பெத்தேல் ஆலயத்தின் கதவுவரை வந்து தட்டும் தூரத்தில் அவர்கள் இல்லை.