ஐந்து நிமிட நடைதூரத்தில் ஒரு புதிய வீடு

காரை விற்றுவிட்டு, ரயிலையும் பேருந்தையும் கால்களையும் மட்டுமே நம்பி வாழக்கூடிய இடத்தில் வீடு வாங்குவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தபோது, எங்கள் தேடல் நகரின் பழைய பகுதி ஒன்றில் போய் நின்றது. அங்கே தெருக்கள் குறுகியவை. குறுக்குச் சந்துகள் அடுத்தடுத்து வரும். பள்ளி, மருந்துக்கடை, நூலகம், காய்கறிச் சந்தை எல்லாம் கூப்பிடு தூரம். ரயில் நிலையம் வந்த பிறகு பழைய தனிவீடுகளும் கிடங்குகளும் ஒவ்வொன்றாக இடிபட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஒன்றில் வீடு பதிவு செய்ததிலிருந்து சாவி வாங்கியது வரை நாங்கள் எவற்றை அளந்தோம், எவற்றைக் கேட்டோம், எவற்றை எழுத்தில் வாங்கினோம் என்பதை, இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கட்டுநரின் விளம்பரக் கையேட்டில் "நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். லண்டன் போக்குவரத்துத் துறை, ஓர் இடத்திலிருந்து பொதுப் போக்குவரத்தை எவ்வளவு எளிதாக எட்டலாம் என்று கணக்கிடும் முறையில், ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பதாகக் கொள்கிறது. பேருந்து நிறுத்தம் என்றால் 640 மீட்டர், ரயில் நிலையம் என்றால் 960 மீட்டர் வரை, அதாவது முறையே 8 நிமிடமும் 12 நிமிடமும் நடப்பார்கள் என்பது அதன் வரம்பு. அந்தக் கணக்கின்படி ஐந்து நிமிடம் என்பது 400 மீட்டர். கையேட்டின் வரைபடத்தில் நிலையத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, மனையின் ஒரு மூலை அந்த வட்டத்துக்குள் விழுவதைக் காட்டியிருந்தார்கள். காகம் பறந்து போவதற்கு அது சரியான கணக்குதான். நடந்து போகிறவருக்கோ இடையில் ஒரு பழைய கிடங்கின் நீண்ட மதில், நான்கு வழிச் சாலை, அதில் இரண்டு கட்டமாகக் கடக்க வேண்டிய சிக்னல் ஆகியவை உண்டு.

எனவே, நாங்கள் வாங்க நினைத்த மாடியின் லிஃப்ட் வாசலில் தொடங்கி ரயிலின் கதவு திறக்கும் இடத்தில் முடியும் தூரத்தையே அளப்பது என்று தீர்மானித்தோம். கட்டடம் அப்போது பாதிதான் எழுந்திருந்ததால், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும், கீழே இறங்கி வளாகத்தின் வாயிலை அடையும் நேரத்தையும் வரைபடத்தைப் பார்த்து உத்தேசமாகச் சேர்த்துக்கொண்டோம். காலை அலுவலக நேரத்தில் நடந்தபோது, முதல் பச்சை விளக்கில் சாலையின் நடுத்திட்டு வரை மட்டுமே போக முடிந்தது. அங்கே நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலையத்தின் வாயில் சாலைக்கு அப்பால் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டியபின் நகரும் படிக்கட்டு, டிக்கெட் வாயில், மறுபடியும் ஒரு படிக்கட்டு. எல்லாவற்றையும் கூட்டியபோது கையேட்டின் ஐந்து நிமிடம் ஏறக்குறைய பதின்மூன்று நிமிடமாக வளர்ந்திருந்தது. பதின்மூன்று நிமிடம் ஒன்றும் மோசமில்லை. அதைத் தெரிந்துகொண்டு வாங்குவதற்கும், ஐந்து என்று நம்பி அதற்கேற்ற விலை கொடுத்து வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த முழு அனுபவத்திலும் எங்கள் நேரத்தை அதிகம் விழுங்கியது வளாகத்தின் பின்பக்கக் கதவுதான். அனுமதி பெற்ற மனை வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, பின்புறச் சந்தின் ஓரமாக மதிலில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில், நடந்து செல்பவர்களுக்கு மட்டுமான ஒரு சிறு வாயில் குறிக்கப்பட்டிருந்தது. அந்தச் சந்து வழியே போனால் கிடங்கின் மதிலைச் சுற்ற வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தம் கண்ணுக்கு எதிரே வந்துவிடும். நிலையத்துக்கான நடையிலும் ஏறத்தாழ நான்கு நிமிடம் குறையும். ஆனால் விற்பனை அலுவலகத்தில் வைத்திருந்த மாதிரி வளாகத்தில் அந்த இடத்தில் செடி வரிசைதான் இருந்தது. கேட்டபோது விற்பனை மேலாளர் மிகவும் மரியாதையாகவே, "அந்தக் கதவு பாதுகாப்புக்காகப் பூட்டியே இருக்கும் சார், இங்கே வருகிற எல்லாரும் காரில்தானே போகப் போகிறார்கள்" என்றார். நடைதூரத்தைச் சொல்லி வீட்டை விற்கும் அதே வாயால் அவர் அதைச் சொன்னதில் அவருக்கு எந்த முரணும் தோன்றவில்லை.

வாய்மொழியாக எதையும் ஏற்பதில்லை என்று நாங்கள் உறுதியாக நின்றோம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள பாதசாரி வாயில் கட்டி முடிக்கப்படும் என்பதையும், குடியிருப்போர் மின் அட்டையைப் பயன்படுத்தி எந்த நேரத்திலும் அதைத் திறக்கலாம் என்பதையும் விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்க்கும்படி எங்கள் வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பினோம். முதலில் பதில் வரவில்லை. பிறகு, பொது இடம் பற்றிய உறுதியைத் தனி ஒரு வாங்குநருக்குத் தர இயலாது என்று பதில் வந்தது. அதிலும் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. ஆகவே, ஏற்கெனவே வீடு பதிவு செய்திருந்த வேறு சிலரைத் தேடிப் பிடித்துப் பேசினோம். பள்ளிக்குப் பிள்ளைகளை நடத்தி அழைத்துச் செல்லும் பெற்றோரும், வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர்களும் எங்களைவிட அதிகமாக அந்தக் கதவை விரும்பினார்கள். பல பேர் கையெழுத்திட்ட கடிதம் போனபின், வாயிலும் அதன் பயன்பாட்டு நேரமும் குடியிருப்போர் சங்கத்தின் வரைவு விதிகளிலேயே சேர்க்கப்பட்டன. ஒரு வீட்டுக்காக ஒருவர் கேட்டால் சலுகை. பல வீட்டார் சேர்ந்து கேட்டால் அது வடிவமைப்பு ஆகிவிடுகிறது.

தூரத்துக்கு அடுத்ததாக நாங்கள் பார்த்தது, வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்பது. என்னைக் கேட்டால் தூரத்தைவிட இதுவே முக்கியம். கால அட்டவணை பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர், சராசரியாக இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பாதியைக் காத்திருப்பில் கழிக்கிறார்: ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மூன்று நிமிடம், முப்பது நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் பதினைந்து நிமிடம். இதுவும் வண்டிகள் சீராக வந்தால்தான். மேலே சொன்ன லண்டன் கணக்கீட்டு முறை இந்தப் பாதி நேரத்தோடு, பேருந்துக்கு 2 நிமிடமும் ரயிலுக்கு 0.75 நிமிடமும் தாமதத்துக்காகத் தனியே கூட்டுகிறது. பேருந்துக்கு அதிகம் கூட்டுவதன் காரணத்தை நிறுத்தத்தில் நின்றாலே கண்ணால் காணலாம். சற்றுத் தாமதமான பேருந்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஏறுவதற்குள் அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்தோ ஏற ஆளில்லாமல் விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடிக்கிறது. அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு ஒரே எண்ணுள்ள இரண்டு பேருந்துகள் சேர்ந்து வருவது இதனால்தான்.

ஆகவே வேலை நாளின் காலை நேரத்தோடு நிற்காமல், வேலை நாளின் நண்பகலிலும், விடுமுறை நாளின் மாலையிலும், கடைசி ரயிலுக்கு முந்தைய நேரத்திலும் அங்கே போய் நின்று பார்த்தோம். ரயில் எல்லா நேரத்திலும் நம்பகமாக இருந்தது. பேருந்து, விடுமுறை நாட்களில் பெயருக்கு மட்டும் ஓடியது. மருத்துவமனைக்குப் போகும் தடம் இரவு சீக்கிரமே நின்றுவிட்டது. இதை முன்பே அறிந்திருந்ததால், அந்த நேரங்களுக்கு வாடகை வண்டிக்கு ஆகும் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். அதைச் சேர்த்த பிறகும், கடன் தவணை, காப்பீடு, பழுதுபார்ப்பு என்று காருக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை அது நெருங்கவில்லை.

கையேட்டில் இன்னொரு வரியும் இருந்தது: புதிய ரயில் தடம் ஒன்று அருகில் வரப்போகிறதாம். வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருக்கும் தடத்துக்கு நாங்கள் ஒரு காசும் கூடுதலாகத் தருவதில்லை என்று முடிவெடுத்தோம். புதிய குடியிருப்பும் ரயிலும் எந்த வரிசையில் வருகின்றன என்பது அங்கே குடியேறுபவர்களின் பழக்கத்தையே மாற்றிவிடும். வியன்னாவில் பழைய விமானத் தளம் ஒன்றின் மீது எழும் ஸீஷ்டாட் ஆஸ்பெர்ன் என்ற குடியிருப்புப் பகுதிக்கு 2013ஆம் ஆண்டு அக்டோபரிலேயே மெட்ரோ வந்துவிட்டது. முதல் குடியிருப்பாளர்கள் 2014இல்தான் குடியேறினார்கள். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில், கார் நடமாட்டத்தைக் குறைத்துக் கட்டப்பட்டதாகப் பேர்பெற்ற வோபான் பகுதிக்கு, மக்கள் குடியேறிப் பல ஆண்டுகள் கழித்து 2006இல்தான் டிராம் வந்தது. அதுவரை அவர்கள் சைக்கிளையும் பேருந்தையும் கொண்டே சமாளித்தார்கள். வியன்னாவைப் போல் எல்லா இடத்திலும் நடந்துவிடும் என்று நம்பி முப்பது ஆண்டுக் கடனில் கையெழுத்திட எனக்குத் துணிச்சல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தடம், தூண்கள் எழுந்துவிட்ட தடம், அறிவிப்பில் மட்டும் இருக்கும் தடம் என்று பிரித்துக்கொண்டு, முதல் வகைக்கு மட்டும் விலை பேசினோம்.

கார் நிறுத்துமிடம் பற்றிய பேச்சு எதிர்பாராத அளவுக்கு நீண்டது. வீட்டோடு ஒரு நிறுத்துமிடம் கட்டாயம் என்றார்கள். நிலத்தடியில் கட்டப்படும் நிறுத்துமிடத்துக்குத் தோண்டுதல், தாங்கு சுவர், நீர்க்கசிவுத் தடுப்பு, காற்றோட்டம் எனச் செலவு பிடிக்கும். அது தனியே கண்ணில் படாமல் வீட்டு விலைக்குள் கரைந்து, கார் இல்லாதவரும் அதைச் சுமக்கும்படி ஆகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்டு ஷூப் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொன்ன வாதம் இதுவே. அதன் செல்வாக்கு பரவியதில், ஒவ்வொரு கட்டடத்துக்கும் குறைந்தபட்சம் இத்தனை நிறுத்துமிடம் வேண்டும் என்ற விதியை மெக்சிகோ நகரம் 2017இல் நீக்கி, அதற்குப் பதிலாக இத்தனைக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பை வைத்தது. நாங்கள் வாங்கிய கட்டடத்தில் விதி பழையதுதான். கட்டுநர் இடத்தைக் கட்டியே ஆக வேண்டும். ஆனால் அதை எங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இரண்டு கார் வைத்திருந்த வேறொரு குடும்பம் கூடுதல் இடம் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டறிந்து சொன்னபின்தான், அதைப் பிரித்து விலை குறைக்க இணங்கினார்கள்.

இதற்கிடையில் பகுதிவாசிகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றும் நடந்தது. உயரமான கட்டடம் நிழல் விழச் செய்யும், தெரு நெரிசலாகும் என்று நெடுங்காலமாக அங்கே வசிப்பவர்கள் கவலைப்பட்டார்கள். நிழலைப் பற்றி அவர்கள் சொன்னது சரிதான். மேல் மாடிகள் சற்றுப் பின்தள்ளி வைக்கப்பட்டது அந்தக் கூட்டத்தின் பயன். நெரிசலைப் பொறுத்தவரை எனக்கு வேறு கருத்து உண்டு. நடந்து வந்து ஏறும் ஆட்கள் கூடினால்தான் இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மாறும்; ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையங்களின் மேல் குடியிருப்புகளை உருவாக்கி, அந்த வருவாயைத் தடங்கள் அமைக்கப் பயன்படுத்துவதும் இந்தப் பரஸ்பரத் தேவையை உணர்ந்துதான்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலையத்துக்கு அருகில் என்றால் தண்டவாளத்துக்கும் அருகில் என்றுதான் பொருள். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவில் ரயில் சத்தம் சராசரியாக 44 டெசிபலுக்கும், சாலைச் சத்தம் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்த அளவை நகரத்தின் நடுவில் எட்டுவது கடினம். ஒரே விலையில் இரண்டு வீடுகள் இருந்தபோது, காட்சி அழகாக இருந்த சாலைப்பக்க வீட்டை விட்டு, படுக்கையறைகள் உள்முற்றத்தைப் பார்த்திருந்த வீட்டை எடுத்தோம்.

ஒப்புவிப்பின்போது கட்டுநரின் பொறியாளர் ஒருவர் உடன் வந்தார். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனோம். கீழே கலவை சரியாகப் பரவாத இடத்தில் பொள்ளலான ஒலி கேட்டது, அங்கெல்லாம் பென்சிலால் குறியிட்டோம். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றியபோது, அது வடிகாலை விட்டுக் கதவை நோக்கி மெதுவாக ஓடி வந்தது. பொறியாளர் ஒன்றும் பேசாமல் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார். பிறகு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு ரயில் கடக்கும் வரை காத்திருந்தோம். ஒரு ஜன்னலின் ரப்பர் விளிம்பு மூலையில் மடங்கியிருந்ததால், அந்த அறையில் மட்டும் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. குறைகள் அனைத்தையும் பட்டியலிட்டு இருதரப்பும் கையெழுத்திட்ட பிறகே, நிறுத்தி வைத்திருந்த கடைசித் தவணையைச் செலுத்தினோம்.

குடியேறிய பின் எஞ்சி நிற்பது பேருந்து நிறுத்தம் ஒன்றுதான். கட்டுமானத்தின்போது நடைபாதையைத் தகரத் தடுப்பால் மறித்ததால், பின்புறச் சந்தின் முனையில் இருந்த நிறுத்தத்தைச் சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி மாற்றியிருந்தார்கள். தடுப்பு அகற்றப்பட்ட பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. போக்குவரத்து அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரில் மனு கொடுத்தோம். நடைபாதை முழுமையாகச் சீரமைக்கப்பட்டு, சக்கர நாற்காலி ஏறும் சரிவும் அமைந்த பின்னரே நிறுத்தத்தை மாற்ற முடியும் என்று பதில் வந்திருக்கிறது. சீரமைப்பு கட்டுநரின் பொறுப்பு என்று அனுமதி நிபந்தனைகளில் தெளிவாக எழுதியிருப்பதால், அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து நகராட்சிக்கு அடுத்த கடிதத்தை அனுப்பியிருக்கிறோம்.