அத்திப் பூவும் நீல நிலாவும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஆறு பேர் என்னிடம் ஆங்கிலம் கற்க வந்து உட்காருகிறார்கள். பழைய வீடுகள் சில விடுதிகளாக மாறியபின் இங்கே வெளிநாட்டார் வரத்து கூடியிருக்கிறது. அவர்களுக்குச் சமைப்பவர், கார் ஓட்டுபவர், வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர், ஆத்தங்குடிப் பட்டறையில் பூப்போட்ட தரைக்கல் செய்பவர் என்று எல்லாருக்கும் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் கைவசம் இருக்கிறது. தடுக்கி விழுவது மரபுத்தொடர்களில்தான்.

சமையற்கட்டு அக்காவிடம் ஒரு விருந்தாளி, வெள்ளைப் பணியாரம் சுடக் கற்றுக்கொள்வது தனக்கு ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றாராம். கேக் இல்லையே என்று அக்கா மனம் வருந்திவிட்டார். அவருக்கு அதை விளங்கவைக்க அதிக நேரம் ஆகவில்லை. நமக்கு அது அல்வா சாப்பிடுவது போல. ஆனால் அல்வா கொடுப்பது என்றால் கதையே வேறு. சாப்பிடுவதற்கும் கொடுப்பதற்கும் நடுவே உள்ள அந்த வேறுபாட்டை நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. பேச்சோடு பேச்சாக வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தையும் அப்படியே கற்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் ஓர் இரவு. கார் ஓட்டும் தம்பி முகம் வாடி வந்து திண்ணையில் உட்கார்ந்தான். திருமயம் கோட்டைக்குப் போகும் வழியில் ஓர் அம்மையார், சமீபத்தில் தன் தந்தையை இழந்ததைச் சொல்லியிருக்கிறார். அக்கறையோடு விசாரிக்க நினைத்த இவன், மனப்பாடம் செய்திருந்த ‘கிக் த பக்கெட்’டைப் போட்டு, எப்போது நடந்தது என்று கேட்டிருக்கிறான். திரும்பி வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அவன் வைத்திருந்த கையேட்டில் அந்தத் தொடருக்கு எதிரே ‘இறத்தல்’ என்று ஒரே ஒரு சொல். நான் அவனிடம் கேட்டேன்: "துக்க வீட்டில் போய், அப்பா எப்போது மண்டையைப் போட்டார் என்று கேட்பாயா, தம்பி?" அவன் பதறிப்போனான். "சிவபதவி அடைந்தார் என்றல்லவா ஆச்சி சொல்வோம்!" அந்தப் பதற்றம்தான் பாடம். பொருள் ஒன்றாக இருக்கலாம், இடம் ஒன்றல்ல. அதைச் சொல்லாமல் நூறு தொடர்களை அச்சடித்து விற்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அதிலிருந்து ஒரு வகுப்புக்கு இரண்டு தொடர்களுக்கு மேல் நான் எடுப்பதில்லை. யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்று முதலில் பேசுகிறோம். பிறகு தமிழில் அதன் உறவைத் தேடுகிறோம். கடைசியாக, அந்த வாரம் தங்களுக்கு நடந்த ஒன்றை அந்தத் தொடரை வைத்து ஆளுக்கொரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இட்டுக்கட்டிய வாக்கியம் செல்லாது. கொட்டும் மழை என்றால் பூனையையும் நாயையும் இழுக்கும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ தொடரைக் கையேடுகள் விடுவதில்லை. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கும் பழைய தொடர் அது. இன்றைய பேச்சில் அருகிவிட்டது. படித்தால் புரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே கல்லில் நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம், அவர்கள் இரண்டு பறவைகளை அடிக்கிறார்கள். ஆங்கிலத்திலும் மாங்காய் என்று சொன்னால் என்ன என்று ஆத்தங்குடித் தம்பி விடாமல் கேட்டான். நியாயமான கேள்வி. அவன் தொழிலையே திருப்பிக் கேட்டேன். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்குகிறார்கள். உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே கலவை வைத்துச் சமப்படுத்தி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த கல்லில் சிவப்புப் பூவைப் பச்சையாக்க முடியுமா? சிறிது நேரம் யோசித்துவிட்டு அவனே சொன்னான்: "முடியாது ஆச்சி. ஆனால் அந்தக் கல்லை எந்த அறையிலும் பதிக்கலாம்." காலத்தையும் ஆளையும் மாற்றலாம், பறவையை மாற்றக்கூடாது என்று இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

போன வாரம் ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை இப்போது நீல நிலா என்கிறார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். 2023 ஆகஸ்டில் வந்தது. பெயரில்தான் நீலம், நிலா எப்போதும்போல் வெள்ளைதான். நமக்கோ அத்தி பூத்தாற்போல. அத்தி பூக்காமல் இல்லை. காய் போலத் தெரிவதன் உள்ளேயே பூத்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

அக்கா தன் வாக்கியத்தைச் சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருவது ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’. ஒரு பிழையும் இல்லை. வளவில் யாரும் பேசவில்லை.

நேற்று அவர் போன் செய்தார். பொங்கலுக்கு மகன் வருகிறானாம். மகிழ்ச்சியில் கால் தரையில் பாவாததற்கு ஆங்கிலத்தில் ‘ஓவர் த மூன்’ என்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன்.