இருபது நிமிடம்

இரண்டு மில்லி ரத்தம் போதும். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். நடுவில் யார் வந்து அவசரப்படுத்தினாலும் குழாயைத் தொடக்கூடாது. நேரம் முடிந்ததும் மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து நின்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்காட்டுப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருபத்தாறு வருடம் இருந்தேன். அந்தக் குழாயை எத்தனை முறை சாய்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்பாவிடமிருந்து வந்தது. 1944-இல் கடலூரில் பெரியார் மேல் செருப்பு வீசியதையும், பின்னாளில் அதே ஊரில் அவருக்குச் சிலை எழுந்ததையும் அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் சொல்லுவார். அப்பா மேடைப் பேச்சுக் கேட்டு வளர்ந்தவர்; எதிராளியை ஒரு கேள்வியில் மடக்கிவிட வேண்டும் அவருக்கு. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவரிடம் என்ன மடக்குவது?

எங்கள் பக்கம் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “பூச்சி தொட்டுடுச்சு” என்பார்கள். தொட்டதும் முதலில் போவது பாடம் போடுகிறவரிடம், அதாவது மந்திரம் சொல்லி விஷத்தை இறக்குவதாக நம்பப்படுகிறவரிடம். அவர் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுப்பார். கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது என்பார். அப்புறம் வேப்பிலை, மந்திரம், திருநீறு. மூன்று வேளை பாடம் போட்டால்தான் முழுசாக இறங்கும் என்று கணக்கு. அந்த மூன்று வேளையில்தான் மனிதர் கைவிட்டுப் போகிறார்.

ஒரு கோடையில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போன பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சருகுக்குள் கண்ணாடி விரியன். காலை ஏழு மணிக்குக் கடித்தது; எங்களிடம் வந்தபோது மாலை மூன்று. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நெற்றியிலும் கடிவாயிலும் திருநீறு. கடிவாயில் பூசியது ரத்தத்தோடு சேர்ந்து சேறாகிக் கிடந்தது. இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தேன். கோடு மாதிரி ஓடி வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் உடனே விஷமுறிவு ஊசியைத் தொடங்கினார். சிறுநீர் இறங்கவில்லை. புதுச்சேரிக்கு அனுப்பினோம். நான்காம் நாள் செய்தி வந்துவிட்டது.

சான்றிதழ் விஷயமாக வந்த அவர் கணவர் என்னிடம் சொன்னார்: “சாமியைக் குத்தம் சொல்ல முடியாதுங்க சார். நாங்கதான் மூணாவது பாடத்துக்கு இருக்காம அவசரப்பட்டுத் தூக்கிட்டு வந்துட்டோம்.”

அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை. எட்டு மணி நேரம் தாமதித்ததால் மனைவியை இழந்தவர், தாமதிக்காததால் இழந்தோம் என்று நம்பிக்கொண்டு போகிறார். மந்திரத்தின் மேல் ஒரு கீறல் விழவில்லை. குற்றம் மொத்தமும் அந்த மனிதரின் தலையில். யாரும் அவரிடம் வேறு விதமாகச் சொன்னதில்லை. நானும் அந்த நிமிடத்தில் சொல்லவில்லை.

இப்படி வாயை மூடிக்கொண்டு நின்ற இன்னொரு நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த வாரம், தேவனாம்பட்டினம் பக்கத்து மக்கள் தங்கியிருந்த முகாமுக்கு மருந்துப் பெட்டியோடு போயிருந்தேன். பிரசங்கம் செய்ய வந்த ஒருவர், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மதம் என்பது முக்கியமில்லை, அந்த நாட்களில் எல்லாப் பக்கத்திலிருந்தும் அதைக் கேட்டேன். எதிரே பிள்ளையைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்திருந்தாள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமித்தட்டு நழுவியது, அந்த அலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து நம் கரைக்கு வந்தது, உன் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை இருக்கிறது என்று நகர்ந்துவிட்டேன்.

ஆகவேதான் அந்த விழாவில் பேசினேன். முந்திரிக்காட்டுப் பெண் இறந்த சில மாதங்களில் மருத்துவமனை வளாகத்தில் ஒரு கூட்டம். சிறப்பு விருந்தினர் மைக்கில், “நம்ம முன்னோர் மந்திரத்தாலேயே விஷத்தை இறக்கினாங்க, இப்பவும் எத்தனை பேர் பிழைக்கிறாங்க, ஊசியை மட்டும் நம்பாதீங்க” என்றார். கேட்டவர்கள் அத்தனை பேரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் வீட்டுப் பூஜையறையில் இதைச் சொன்னால் நான் குறுக்கே போகமாட்டேன். அரசு மேடையில் நின்று சொன்னால் அது அடுத்த கடியில் யாரோ ஒருவரின் நேரத்தைத் தின்னும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

நன்றியுரை என் பங்கு. நன்றி சொல்லிவிட்டு, கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே போகாமல், பாம்பைப் பற்றிப் பேசினேன். சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன் கடித்தால் எதுவும் செய்யாவிட்டாலும் சாகமாட்டோம். நாகமும் விரியனும்கூடக் கடிக்கிற ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை. அப்படிக் கடிபட்டவர்கள் எல்லோரும் பாடம் போட்டாலும் பிழைப்பார்கள், போடாவிட்டாலும் பிழைப்பார்கள். உண்மையாகவே விஷம் ஏறியவரைக் கடைசி நேரத்தில் இங்கே தூக்கி வருகிறீர்கள், இங்கே இறக்கிறார். பிழைத்ததெல்லாம் மந்திரத்தின் கணக்கில், செத்ததெல்லாம் ஆஸ்பத்திரி கணக்கில் எழுதினால் எது ஜெயிக்கும்? 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள் என்ற எண்ணை இப்போது பேசும் இடங்களில் சேர்த்துக்கொள்கிறேன். அன்று அது என் கையில் இல்லை.

விருந்தினர் முகம் கறுத்துவிட்டது. மேலே இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன், அதோடு முடிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தவர் எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. வருடம் தவறாமல் தைப்பூசத்துக்கு வடலூர் போய், 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற தருமச்சாலையில் காய் நறுக்கிக் கொடுப்பவர். “நீ பேசினது சரிதான் தம்பி, பசிச்சவனுக்குச் சோறு, விஷத்துக்கு மருந்து, இதுல சாமிக்கு என்ன கோபம்?” என்றார். அவரோடு எனக்கு எந்த நாளும் சண்டை வந்ததில்லை.

ஆனால் கூட்டத்தில் பேசி என்ன, பாடம் போடும் பெரியவரிடம் யார் பேசுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். எழுபது வயதுக்கு மேல். காசு வாங்குவதில்லை, வெற்றிலைபாக்கு மட்டும். ஏமாற்றுக்காரர் என்று நினைத்துப் போனவன் அசந்துபோனேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து குளித்துவிட்டுப் பாடம் போடுகிற மனிதர். குழாய்களை எடுத்துப் போயிருந்தேன். என் ரத்தத்தை நானே எடுத்து ஒன்றில் விட்டு, இருவரும் திண்ணையில் உட்கார்ந்து இருபது நிமிடம் பார்த்தோம். உறைந்ததும் அவர் கையிலேயே கொடுத்துச் சாய்க்கச் சொன்னேன். “விரியன் ஏறினா இது ஓடும் ஐயா. இலை கசக்குதா இனிக்குதான்னு கடிபட்டவன் பயத்துல சொல்றான். இது நீங்க பார்த்தாலும் ஒண்ணுதான், நான் பார்த்தாலும் ஒண்ணுதான்.” நாகமும் கட்டுவிரியனும் இதில் தெரியாது, கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலிகூட இருக்காது, இமை சொருகுகிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை. குழாயை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, நைட் டூட்டியில் இருந்தபோது போன்.

“தம்பி, நம்ம தெருப் பையன். தரையில படுத்திருந்தான். வயித்த வலிங்கிறான், கண்ணு சொருகுது. 108-ல ஏத்திட்டேன். திருநீறு மட்டும்தான் பூசினேன், பாடம் போடல.”

“பூசுங்க ஐயா, பரவாயில்லை” என்றேன். டாக்டரை எழுப்பிவிட்டு, மருந்து அலமாரியைத் திறக்கச் சொன்னேன்.

வண்டி வந்தபோது மணி நாலரை. பதினைந்து வயதிருக்கும், இரண்டு இமையும் பாதி மூடியிருந்தன. நெற்றியில் பட்டை கலையாமல் இருந்தது.