கெத்செமனேயில் சொல்லி முடிக்காத ஜெபம்

அப்பா இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்த அன்று, ஆண்டவர் இயேசு சிலுவைக்கு முந்தின இரவில் வியாகுலப்பட்டு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்கே போய் நன்றி செலுத்துவதாக அம்மா பொருத்தனை செய்திருந்தார்கள். அதை நிறைவேற்ற எனக்கு ஓய்வு கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளும் என் ஜெபம் பெரும்பாலும் வண்டி ஓட்டும்போதுதான் நடந்தது.

எருசலேமில், அந்தத் தோட்டம் இருக்கும் ஒலிவமலையில் இறங்கியதுமே ஒலிவமரச் சிலுவை விற்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தோட்டத்துக்கும் ஆலயத்துக்கும் சேர்த்து 20 நிமிடம்தான் என்று வழிகாட்டி கறாராகச் சொன்னார். அங்குள்ள எட்டு முதிய ஒலிவமரங்களும் ஆண்டவரைக் கண்டவை என்றார். அவற்றில் மூன்றை ஆராய்ந்தவர்கள் அவற்றின் அடிமரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2012இல் அறிவித்ததை நான் படித்திருந்தேன், ஆனாலும் அந்த முறுக்கேறிய மரங்களின் முன் வாதிட மனம் வரவில்லை.

1924இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயத்தின் ஜன்னல்கள் ஊதா நிறமானவை என்பதால் நடுப்பகலிலும் உள்ளே அந்தி போல இருக்கிறது. பலிபீடத்தின் முன்னே ஆண்டவர் ஜெபித்ததாகச் சொல்லப்படும் வெறும் பாறை; அதைச் சுற்றி முள்முடி போன்ற தாழ்வான இரும்பு வேலி. முழங்கால்படியிட முடியாத அம்மா தரையில் அமர்ந்து, கையை நீட்டிப் பாறையின்மேல் வைத்துக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் படமெடுக்க முண்டியடித்தார்கள், எங்கள் குழுவினரும் வெளியேறிவிட்டார்கள். பேருந்து புறப்பட்டுவிடும் என்று நான் காதில் சொன்னபோது, கண்ணைத் திறக்காமலேயே, “ரத்தம் குடுத்த பிள்ளைங்க பேரெல்லாம் இன்னும் சொல்லலப்பா, கொஞ்சம் இரு” என்றார்கள்.

அந்தப் பெயர்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அப்பாவுக்காக ஓடி ஓடி இரத்தம் தேடியவன் நான்தான். அவர்களை ஆறு ஆண்டுகள் தினமும் ஜெபத்தில் நினைத்தவர்கள் அம்மா. ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று, தூங்கிப்போன சீஷன் பேதுருவிடம் ஆண்டவர் கேட்டது இந்த இடத்தில்தானே என்ற எண்ணம் வந்ததும், கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அருகில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேருந்தில் எல்லோரும் முகம் சுளித்தார்கள், அடுத்து பார்க்க வேண்டிய இடம் தவறிப்போனது. அப்பாவை உயிரோடு தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம், அம்மாவை அத்தனை தூரம் நடக்கவைத்தவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது விடியற்காலையில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்ட அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். சில நாட்களில் பாதியிலேயே, பேதுருவைப் போல, தூங்கியும் விடுகிறேன்.