ஸ்பேர் டூட்டி

ஜனவரி 9, 2024. செவ்வாய்

குறைமாதத்தில் பிறந்த பேரன் எடை 1,270 கிராம். பிறந்தபோது இருந்ததைவிட 90 கிராம் குறைவு. முதல் வாரம் எல்லாக் குழந்தைக்கும் குறையும் என்று நர்ஸ் சொன்னதாக மகன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 10

உள்ளே பெற்றவர்கள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. காய்ச்சல் சீசனாம். தாத்தா, பாட்டி எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட இல்லை, லிஃப்ட்டுக்கு இந்தப் பக்கம்.

டெப்போவில் ஸ்பேர் கண்டக்டர் என்றால் காலை நாலு மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். எவனாவது லீவு போட்டால்தான் வண்டி கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்து முதல் ஆறு வருஷம் எனக்கு அந்தப் பெஞ்சுதான். இப்போது மறுபடியும்.

மகன் என்னை ஊருக்குள், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மோண்ட்கமரியில், இறக்கிவிட்டு, “ரெண்டு மணி நேரத்துல வாரேன்ப்பா, குல்லாயக் கழட்டிராதீங்க” என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். கோர்ட் ஸ்கொயர் என்கிறார்கள். நடுவில் 1885இல் கட்டின நீரூற்று, உச்சியில் ஒரு கிரேக்க தேவதை. சுற்றி எங்கே திரும்பினாலும் கம்பம் நட்டுப் போர்டு. இங்கே அடிமைகளை ஏலம் விட்டார்கள் என்று ஒன்று. எதிரே உள்ள கட்டடத்திலிருந்துதான் 1861 ஏப்ரல் 11 அன்று சம்டர் கோட்டையைச் சுடலாம் என்று தந்தி போனது, அதற்கு ஒன்று. அமெரிக்காவின் நாலு வருஷ உள்நாட்டுச் சண்டை அந்தத் தந்தியில் தொடங்கியிருக்கிறது. சந்தைக்கும் தந்திக்கும் நடுவில் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் அளவு தூரம்கூடக் கிடையாது.

எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஒரு போர்டுக்குக் கால் மணி நேரம். அவசரம் என்ன?

ஜனவரி 11

ஏழாம் நம்பர் சீட் ஞாபகம் வந்தது. தூக்கம் போச்சு.

ஜனவரி 12

ரோசா பார்க்ஸ் அம்மாவின் போர்டு. இந்தப் பக்கம் அவர். பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தால் ஹேங்க் வில்லியம்ஸ் என்று ஒரு நாட்டுப்பாட்டுக்காரர்! ஒரே தகடு, முதுகோடு முதுகாக. இந்த இடத்தில் இருந்த தியேட்டரில் பாட்டுப் போட்டியில் ஜெயித்தாராம். செலவைப் பார்த்தார்களோ என்னவோ.

1955 டிசம்பர் 1 அன்று இந்தக் கறுப்பர் அம்மா பஸ்ஸில் வெள்ளைக்காரருக்குச் சீட்டை விட மறுத்த சங்கதி எல்லாருக்கும் தெரியும். எனக்கு வண்டியைப் பற்றித்தான் தெரிய வேண்டியிருந்தது. மருமகள் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே போனில் படித்துச் சொன்னாள். 36 சீட். முன்னால் பத்து வெள்ளைக்காரர்களுக்கு, காலியாகக் கிடந்தாலும் மற்றவர்கள் உட்காரக் கூடாது. பின்னால் பத்து கறுப்பர்களுக்கு. நடுவில் 16 சீட்டுக்கு வரையறை கிடையாது, கூட்டத்தைப் பார்த்து டிரைவர் சொல்வதுதான். கண்டக்டர் இல்லை. டிரைவரே காசையும் பார்த்து, யார் எங்கே உட்காருவது என்றும் பார்ப்பார். போலீஸ் அதிகாரம் வேறு அவருக்கு. அந்த அம்மா உட்கார்ந்திருந்தது நடு வரிசையில். ஒரே ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவருக்காக வரிசையில் இருந்த நாலு பேரும் எந்திரிக்க வேண்டும். மூணு பேர் எந்திரித்தார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். கறுப்பர்கள் முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, இறங்கி, வெளியே நடந்துபோய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். நடந்து வருவதற்குள் சில டிரைவர்கள் வண்டியை எடுத்துவிடுவார்களாம். காசை வாங்கிக்கொண்டு! 1943இல் இதே அம்மாவை முன்வாசலில் ஏறியதற்காக இறக்கிவிட்டவரும் இதே டிரைவர்தானாம். பன்னிரண்டு வருஷம் கழித்து, டிரைவர் முகத்தைப் பார்க்காமல் அவர் வண்டியிலேயே ஏறியிருக்கிறார் இந்த அம்மா.

“மாமா, இன்னிக்கு 1,310” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஜனவரி 13

ராத்திரி அலாரம் அடித்ததாம். குறைமாதக் குழந்தைகளுக்குச் சில நேரம் மூச்சு விட மறந்துபோகுமாம். நர்ஸ் வந்து உள்ளங்காலில் லேசாகத் தட்டினால் ஞாபகம் வந்துவிடுமாம். மகன் இதைச் சாதாரணமாகச் சொன்னான். கிழவி பூஜைப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் எந்திரிக்கவே இல்லை.

ஜனவரி 14

ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 15. பொங்கல்

இன்றைக்கு இங்கேயும் சர்க்கார் லீவு. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் என்று நினைத்திருந்தேன். இந்த மாநிலத்தில் பாதிதான் அவருக்கு. அலபாமா சர்க்கார் காலண்டரில் “கிங், ராபர்ட் ஈ. லீ பிறந்தநாள்”. லீ யார் என்று மகனைக் கேட்டேன். அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்குப் பக்கத்துப் படையின் தளபதி. ஒரே லீவில் இரண்டு பேர். அந்தத் தகட்டைப் போலத்தான், முதுகோடு முதுகு.

கரண்ட் அடுப்பில் பொங்கல் பொங்கவில்லை. பொங்கவிட்டால் புகை மணி அடிக்கும் என்று மகன் பாத்திரத்தை இறக்கிவிட்டான். கிழவிக்கு அது மனசுக்குள் உறுத்துகிறது. “பொங்காத பொங்கல எதுக்குங்க வைக்கணும்?” என்கிறாள். பிள்ளை உள்ளே கிடக்கும்போது எதைப் பார்த்தாலும் சகுனம்.

அவளைக் கிளப்பி டெரிகோட் தெருவுக்குக் கூட்டிப்போனேன். ஜார்ஜியா கில்மோர் என்ற அம்மாவின் வீட்டு வாசலில் ஒரு போர்டு. சமையல்காரி. ரோசா அம்மா கைதானதும், பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று 381 நாள் ஊர்க் கறுப்பர்கள் நடந்தார்களே, அப்போது ஆட்களை ஏற்றிப்போன கார்களுக்குப் பெட்ரோல் யார் போட்டது? இந்த அம்மாவும் கூட்டாளிகளும் கோழி பொரித்து, ‘பை’ என்கிற பலகாரம், கேக் எல்லாம் சுட்டு, விற்று, காசைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் “எங்கிருந்தும் இல்லை”. சங்கத்துக்கே அதுதான் பேர். யார் கொடுத்தது என்று தெரிந்தால் கொடுத்தவர்களுக்கு வேலை போய்விடும். கோர்ட்டில் சாட்சி சொன்னதற்கு இந்த அம்மாவுக்கே வேலை போனது. பிறகு வீட்டுச் சமையல்கட்டிலேயே கடை. 1990இல் ஓட்டுரிமைக்காகச் செல்மா ஊரிலிருந்து போன நடைப்பயணத்தின் நினைவுநாளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோதே செத்துப்போனார். சமைத்து வைத்ததைத்தான் துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார்களாம்.

கிழவி அந்த வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். “எத்தனை பேருக்கு வடிச்சிருப்பா” என்றாள். வேறெதுவும் பேசவில்லை.

ஜனவரி 17

குளிர். கதவைத் திறக்கவில்லை. 1,370.

ஜனவரி 19

தலைமைச் செயலகக் கட்டடம். கேப்பிடல். படியேறிப் போனால் வாசலில் தரையில் பித்தளை நட்சத்திரம் ஒன்று. 1861 பிப்ரவரி 18 அன்று பிரிந்துபோன தெற்குப் பக்கத்துக்கு ஜனாதிபதியாக ஜெஃபர்சன் டேவிஸ் நின்று பதவியேற்ற இடம். 1965 மார்ச் 25 அன்று செல்மாவிலிருந்து 54 மைல் நடந்து வந்த கூட்டத்துக்குக் கிங் பேசியது இதே படிக்குக் கீழே. நட்சத்திரத்தின் மேல் நின்று பார்த்தால் இடது பக்கம் கிங் பாதிரியாராக இருந்த செங்கல் சர்ச் தெரிகிறது. ஒரு தெருதான் தூரம். நேரே மறு கோடியில் சந்தைச் சதுக்கம். எவ்வளவு சின்ன ஊர்! மோண்ட்கமரி கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகன் சொல்லியிருந்தான். இந்த ஒரு தெருவே எனக்குப் போதும்.

வரும் வழியில் ஒரு தெருப் பேரை மகன் காட்டினான். ஃப்ரெட் கிரே அவென்யூ. பஸ் கேஸை நடத்தின வக்கீல், அந்தத் தெருவில் வளர்ந்தவர். 2021 வரை அதற்கு ஜெஃபர்சன் டேவிஸ் பேர். மாற்றியதற்காக நகராட்சி 25,000 டாலர் அபராதம் கட்ட வேண்டும் என்று மாநிலத் தலைமை வக்கீல் கடிதம் அனுப்பினார். பழைய நினைவுச் சின்னங்களில் கைவைக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மகனுக்கு ஏன் என்று புரியவில்லை, அவன் அப்போது மூன்றாம் வகுப்பு. 1997இல் விருதுநகரில், கட்டபொம்மன் படையில் இருந்த தலித் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பேரில் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல், தீ, சாவு. கடைசியில் எல்லாக் கழகத்திலும், எல்லா மாவட்டத்திலும் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டார்கள். எங்கள் வண்டியில் இருந்த கட்டபொம்மனும் போனார். டெப்போவில் பெயிண்டர் பச்சையை இரண்டு கை அடித்தார். அப்படியும் மத்தியான வெயில் சாய்வாக விழும்போது அடியில் ‘கட்ட’ மட்டும் தெரியும். பெயிண்டருக்குத் திட்டு விழுந்தது.

இங்கே நடந்தார்கள், உட்காரச் சீட் வேண்டும் என்று. அங்கேயும் நடந்தார்கள்.

ஜனவரி 20

1,430. ட்யூப் வழியாகப் பால்.

ஜனவரி 22

1,480!! கிழவி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். இந்தத் தடவை புகை மணியைத் துணியால் மூடிவிட்டேன். மகனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 24

சதுக்கத்தில் ரோசா அம்மா சிலை இருக்கிறது. 2019இல் வைத்தது. பக்கத்தில் நாலு கருங்கல். நாலு பெண்கள் பேர். பஸ்ஸில் சீட்டைப் பிரித்த சட்டம் செல்லாது என்று ஆக்கிய கேஸ் ரோசா அம்மாவுடையது இல்லையாம், இந்த நாலு பேருடையது. அதில் கிளாடெட் கால்வின் 1955 மார்ச்சிலேயே, ரோசா அம்மாவுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, எந்திரிக்க மாட்டேன் என்று உட்கார்ந்த பிள்ளை. வயசு 15. போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் குற்றப் பதிவை அழித்தது 2021இல். அதுவரை ரெக்கார்டில் குற்றவாளி.

அந்த டிரைவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. 1974 வரை அதே கம்பெனியில் வண்டி ஓட்டியிருக்கிறார். தினம் ட்ரிப் போயிருப்பார், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருப்பார்.

1987. கடைசி ட்ரிப். ஊர் பேர் வேண்டாம். ஏழாம் நம்பர், ஜன்னல் சீட். ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், என் அப்பா வயசு. மடியில் மஞ்சப்பை, அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டும் மருந்துப் பாட்டிலும். டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது காசு. சரியாக எண்ணிக் கொடுத்தார். அடுத்த ஸ்டாப்பில் பெரிய வீட்டுக்காரர் ஏறினார். மற்ற நாளில் அவர் தலையைப் பார்த்ததுமே அந்தத் தெருக்காரர்கள் தாமாக எந்திரித்துப் பின்னால் போய்விடுவார்கள். நான் வாயைத் திறக்க வேண்டி வந்ததே இல்லை. அன்றைக்கு இவர் எந்திரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பின்னால சீட் கெடக்கு, சௌரியமா உக்காருங்க” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று 37 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பின்னால் சீட் கிடக்கவில்லை. எனக்குத் தெரியும், டிக்கெட் போட்டது நான்தானே. எந்திரித்தார். பைக்குள் பாட்டில் சீட் கம்பியில் இடித்த சத்தம் கேட்டது. விசில் கொடுத்தேன்.

ஸ்டேஜ் வந்து அவர் இறங்கும்போது ஏதாவது சில்லறை பாக்கி இருந்தால் பேசியிருக்கலாம். சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டாரே.

ஜனவரி 25

நேற்று நெட்டில் எழுதிப் போட்டதை மகன் படித்துவிட்டு, “அத எடுத்துருங்கப்பா, சொந்தக்காரங்க எல்லாம் பாக்காங்க” என்றான். எடுக்கவில்லை. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 26

1,590. மூச்சு மறந்து மூன்று நாள் ஆகிறது. (மறக்காமல் என்று எழுத நினைத்தேன்.)

ஜனவரி 28

தூக்குப்போட்டும் எரித்தும் கொல்லப்பட்ட கறுப்பர்களுக்கான நினைவிடம். கூரையிலிருந்து 800க்கும் மேல் துருப்பிடித்த இரும்புத் தூண்கள் தொங்குகின்றன. ஒரு கவுண்டிக்கு ஒரு தூண். முதலில் கண்ணுக்கு நேரே இருக்கிறது, நடக்க நடக்கத் தரை இறங்கி, தூண்கள் தலைக்கு மேலே போய்விடுகின்றன. அண்ணாந்து படிக்க முடியவில்லை, கழுத்து வலி. வெளியே புல்லில் அதே தூண்களுக்கு ஜோடி, வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறார்கள். அந்தந்தக் கவுண்டிக்காரர்கள் வந்து தங்கள் ஊருக்கு எடுத்துப்போய் நட வேண்டுமாம். கிடக்கின்றன.

சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜனவரி 30

தெற்கு ஜாக்சன் தெரு, 309. வெள்ளைப் பலகை அடித்த சாதாரண வீடு, முன்னால் திண்ணை மாதிரி வராந்தா. கிங் குடியிருந்தது. 1956இல் இதே தேதியில் ராத்திரி அந்த வராந்தாவில் குண்டு போட்டார்கள். விழுந்த இடத்தில் ஒரு தகடு. அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டில் மனைவியும், பார்க்க வந்த ஒரு அம்மாவும், குழந்தையும். யாருக்கும் அடி இல்லை. குழந்தை பின்னறையில் இருந்தது. பத்து வாரக் குழந்தை.

பத்து வாரம் என்றால் எவ்வளவு கனம் இருக்கும் என்று மகனைக் கேட்டேன். அஞ்சு கிலோ இருக்கும்ப்பா என்றான். நம்ம பயல் 1,690. கையில் தூக்கினால் என்ன கனம் தெரியும்? மார்க்கெட்டில் ஒண்ணரைக் கிலோ வெங்காயம் வாங்கி இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தேன். கடையில் ஒரு பெண் சிரித்தாள்.

அந்த வாசலில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன். குளிருக்குக் குனிந்ததாக மகன் நினைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 1

சமையல்கட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி மூணு. கிழவியும் முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள், குறட்டை இல்லை.

பிப்ரவரி 3

பாட்டிலில் 20 மில்லி குடித்தானாம். தானாக.

பிப்ரவரி 5

1,850. தடுப்பூசி போட்ட தாத்தா பாட்டியையும் இனி விடுகிறார்களாம், ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம். நாளைக் காலை கிழவி எட்டு மணிக்கு, நான் எட்டு இருபதுக்கு. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவணும், மோதிரம் கழட்டணும். மோதிரம் கழலவில்லை. எண்ணெய் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன்.