சொன்னால் என்ன?

ஜனவரி 7

மேல்மலை முழுவதும் உறைபனி. விடியும்போது புல்தரை வெள்ளையாகக் கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பிக்கு வரப்புத் தகராறு. பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. தம்பி நேற்று முழுவதும் மனைவியோடு மருத்துவமனையில் இருந்தார். இன்று காலை அண்ணன் தன் பாத்திகளை நனைத்துவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினார். விறைத்த விரல்களை அடிக்கடி அக்குளில் சொருகிக்கொண்டு, தம்பியின் கடைசிப் பாத்தி வரைக்கும் போய்த்தான் நின்றார்.

மாலையில் தம்பி வந்தார். ஈர மண்ணைப் பார்த்ததுமே விளங்கியிருக்கும். ஆனாலும் எதிரே அண்ணன் வந்தபோது இருவரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தசை ஆடத்தான் செய்தது. நாக்கு ஆடவில்லையே! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜனவரி 8

மின்சாரம் இல்லை. விடைத்தாள் திருத்தும் வேலை பாதியில் நிற்கிறது.

ஜனவரி 11

பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போனோம். 1899இல் தொடங்கிய இடம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது.

என் மனம் அவர் மனைவி மேரியிடம்தான் போனது. அவரும் வானியல் படித்தவர். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றி 1917இல் வெளிவந்த அறிக்கையில் கணவர் பெயரோடு அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். கூட உழைத்தவளை உலகறியச் சொல்வதும் அன்பில் சேர்ந்ததுதான். எங்கள் ஊரில் விதைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து நடுவதில் பெண்களின் கைதான் முன்னால் நிற்கிறது; பட்டாவில் அவர்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வந்த நாத்தனார் மகள் ஊருக்குத் திரும்புமுன் அழுதாள். நிச்சயித்த பையன் நல்லவன்தானாம், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறானாம், ஆனால் "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை வரவில்லையாம். வீட்டில் எல்லோரும் "செய்கிறானே, அது போதாதா?" என்று அடக்கினார்கள். போதாது என்று நான் சொன்னேன். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 17

அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டிருந்த விதைப் பூண்டுக் கட்டுகளை அத்தையோடு இறக்கிச் சொத்தை பார்த்தேன். புகையேறிய மேல்தோல் செம்பழுப்பாகி, தொட்டதும் சருகாக உதிர்கிறது; உள்ளே பல் கல்லாக இருக்கிறது.

அத்தை 1982இல் மணமாகி இந்த மலைக்கு வந்தவர். குறிஞ்சி பூத்த வருடம். மாமா அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாராம். 1994இல் பிள்ளைகளோடு, 2006இல் மறுபடி இருவரும் மட்டும். 2018இல் மாமா இல்லை. நான்தான் கூடப் போனேன். குறிஞ்சிச் செடி ஒருமுறை பூத்து, விதை உதிர்த்ததும் செத்துவிடும். அடுத்த முறை பூப்பது அந்த விதையில் முளைத்த வேறு செடி. அன்று சரிவில் நின்று அத்தை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா என்றைக்காவது வாய்விட்டுச் சொன்னதுண்டா?" என்று இன்று கேட்டுவிட்டேன்.

"சோறு ஆறிப்போனாலும் நான் வந்து உட்காரும் வரை கை வைக்க மாட்டார்" என்றார். பிறகு, வெகுநேரம் கழித்து, "சொன்னதில்லை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது" என்றார்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நீங்கள் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போயிருக்கவே முடியாது, அத்தை. உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றேன்.

"பூண்டுக் கட்டை நழுவவிடாமல் பிடி" என்றார். முகம் சிவந்திருந்தது.